உதவித்தொகை: கல்லூரியில் சேரும் முன்பே போட வேண்டிய கணக்கு

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆன பிறகுதான் ‘பிள்ளைக்கு என்ன ஸ்காலர்ஷிப் கிடைக்கும்’ என்று பல வீடுகளில் விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் முக்கியமான முடிவுகள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். எந்தக் கல்லூரி, எந்தக் கோட்டா, கையில் இருந்த சான்றிதழ்கள் எவை, வங்கிக் கணக்கில் ஆதார் எந்த நிலையில் இருந்தது என்ற நான்கும்தான் தமிழ்நாட்டில் ஒரு மாணவருக்கு வரக்கூடிய உதவியில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. விண்ணப்பப் படிவம் அதற்குப் பிறகு வருகிற வேலை. திட்டங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பணம் வராமல் போகிற இடங்கள் வேறு, அவற்றைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் கோட்டா. பொறியியலில் கலந்தாய்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் வாங்குவதும், அதே கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேருவதும் கட்டணத்தில் மட்டும் வேறுபடுவதில்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கிடையாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் கட்டண உதவி கிடையாது. மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கடன் திட்டமும் கிடையாது. ‘சீட்டு போயிடும், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க’ என்று ஏப்ரலிலேயே கல்லூரிகள் அவசரப்படுத்தும். அந்த அட்வான்ஸைக் கட்டும் குடும்பம் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பிள்ளையின் கட்-ஆஃப் குறைவாக இருந்தாலும் கலந்தாய்வின் கடைசிச் சுற்று வரை காத்திருப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு லாபம் என்பதே என் கருத்து.

முதல் பட்டதாரிச் சலுகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-11 கல்வியாண்டில் வந்தது. சாதி வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது, கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தனியார் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் குறையும், நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இது கிடைக்கும் என்பதால், அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருந்தால் தங்கைக்கு வராது.

இந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். மாணவரின் மாற்றுச் சான்றிதழ், பெற்றோர் மற்றும் உடன்பிறந்தவர்களின் படிப்பைக் காட்டும் சான்றுகள், குடும்ப அட்டை, சுய உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பார்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று படிப்படியாக நகரும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தாலுகா முழுக்க ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் அங்கேதான் தேங்கும். தேர்வு முடிந்த ஏப்ரல் மாதமே போட்டுவிட்டால் கலந்தாய்வுப் பதிவின்போது சான்று கையில் இருக்கும். அப்பாவோ அம்மாவோ ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்றால் பள்ளிச் சான்று கிடைக்க நாளாகும். அந்தப் பழைய பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டிய வேலையை மார்ச்சிலேயே முடித்துவைப்பது நல்லது.

இதோடு சேர்த்து வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் பாருங்கள். சாதிச் சான்று கையெழுத்தில் எழுதிய பழைய அட்டையாக இருந்தால் இணையத்தில் சரிபார்க்க முடியாது, அதனால் இ-சேவையில் புதிய மின் சான்று எடுத்துவிட வேண்டும். வருமானச் சான்றை விண்ணப்பிக்கிற ஆண்டுக்கே புதிதாக எடுக்க வேண்டும். அதில் வரும் தொகை எல்லா விண்ணப்பத்திலும் ஒன்றாக இருக்கட்டும். வங்கிக்கு ஒரு தொகை, கல்லூரிக்கு ஒரு தொகை, மத்திய அரசின் தளத்தில் இன்னொரு தொகை என்று கொடுத்தால், சரிபார்க்கும்போது எது உண்மை என்ற கேள்வி வரும்.

பெயரும் இனிஷியலும்

திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் அடிக்கடி தென்படும் காரணம் பெயர்ப் பொருத்தமின்மை. மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திகா மு’ என்று இருக்கும். ஆதாரில் ‘மு கார்த்திகா’ அல்லது ‘கார்த்திகா முருகன்’. வங்கிக் கணக்கில் ஆங்கில எழுத்தில் ஒரு ஹெச் கூடவோ குறைவாகவோ இருக்கும். நம் வீட்டில் அது ஒரே பெயர்தான், கணினிக்கு மூன்று பெயர்கள். தளங்கள் இப்போது ஆதார் விவரத்தோடு பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஒன்று இடித்தாலும் பதிவே நகராது.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்பதில் பலர் குழம்புகிறார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயரையே அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், பிறகு திருத்திய ஆதாரைக் காட்டி வங்கியில் மாற்றுங்கள். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது நீண்ட வேலை, ஆதார் அப்படியில்லை. ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும் என்ற வரம்பு உண்டு, அதனால் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள். ஆதாரில் இருக்கும் செல்பேசி எண் இப்போது வீட்டில் பயன்படுகிற எண்தானா என்பதையும் பாருங்கள். ஓ.டி.பி. வராமல் கடைசி நாளில் தவிப்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் அந்தப் பழைய எண்தான்.

அடுத்தது வங்கிக் கணக்கு. ‘ஆதார் லிங்க் பண்ணியாச்சு சார்’ என்று மாணவர் சொல்வார், வங்கியிலும் ஆமாம் என்பார்கள். பணம் மட்டும் வராது. வங்கி தன் பதிவேட்டில் உங்கள் ஆதார் எண்ணைச் சேர்த்துக்கொள்வது ஒரு வேலை. அரசு உதவிப் பணம் இந்த ஆதாருக்கு இந்த வங்கிக்குத்தான் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. (தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்) பதிவேட்டில் ஏற்றுவது இன்னொரு வேலை. இரண்டாவதைத்தான் ஆதார் சீடிங் என்கிறார்கள். நேரடிப் பணப் பரிமாற்றம் கணக்கு எண்ணைப் பார்க்காமல் ஆதாரைப் பார்த்துப் போவதால், சீடிங் இல்லாமல் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. மை ஆதார் தளத்தில் உள்நுழைந்தால் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்ற பகுதி இருக்கும். எந்த வங்கி, செயலில் இருக்கிறதா இல்லையா என்று அங்கே தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் மாணவர்களில் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசியாக எந்த வங்கியில் சீடிங் செய்தீர்களோ அங்கேதான் பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கைக் கொடுத்துவிட்டு, நடுவில் வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்து அங்கே ஆதார் கொடுத்திருந்தால், பணம் அந்தப் புதுக் கணக்கில் வந்து கிடக்கும், மாணவர் பழைய பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். வங்கிக் கிளையில் சீடிங் இழுத்தடித்தால் அருகிலுள்ள தபால் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு திறப்பது எளிய வழி. தபால்காரரே விரல் ரேகை வைத்துத் திறந்து கொடுப்பார். கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் முடங்கிய கணக்குகளையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

எந்தத் திட்டம், யாருக்கு

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். திரும்பப் பெற முடியாத கட்டாயக் கட்டணங்கள் இதில் அடங்கும். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான மத்தியத் திட்டத்தில் அதற்கு மேல் பராமரிப்புப் படி உண்டு: பொறியியல், மருத்துவம் போன்ற தொழில் பட்டப்படிப்புகளில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000. சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. படிப்புக்கு 6,000, 3,000. செலவை மத்திய, மாநில அரசுகள் 60க்கு 40 என்று பகிர்கின்றன, இரண்டு பங்கும் ஒரே நாளில் வராது. மாநிலப் பங்கு வந்து, மத்தியப் பங்கு தாமதமாகும்போது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக நினைத்துப் பதற வேண்டாம். கணக்குக்கு வரும் தொகையில் கட்டணப் பகுதியை மாணவர்தான் கல்லூரியில் கட்ட வேண்டும். அது செலவுக்கான பணம் என்று எடுத்துவிட்டால், கடைசி செமஸ்டரில் ஹால் டிக்கெட் வாங்கும்போது சிக்கலாகும்.

‘முதலில் முழுக் கட்டணத்தையும் கட்டுங்கள், ஸ்காலர்ஷிப் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று தனியார் கல்லூரிகள் சொல்வது பரவலான வழக்கம். முன்பணம் கட்டாமலே தகுதியுள்ள மாணவர் சேர வேண்டும் என்பதற்காகத்தான் ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடே இருக்கிறது. அதைப் பற்றி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். உரிமையாகக் கேட்க வேண்டியதை யாரிடமும் தயவாகக் கேட்க வேண்டியதில்லை.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு வருமான நிபந்தனை இல்லாமலே உதவி உண்டு. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் வருமானம் 2.5 லட்சத்துக்கு மிகக் கூடாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் படிக்கும் இந்தப் பிரிவு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசே ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வெளிமாநிலத்தில் சேர்ந்துவிட்டதால் நம் மாநில உதவி போய்விட்டது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் உள்ள உயர் நிறுவனங்களில் சேரும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு மத்திய அரசின் டாப் கிளாஸ் திட்டம் இருக்கிறது. வருமான வரம்பு 8 லட்சம். கல்விக் கட்டணத்தோடு முதல் ஆண்டில் 86,000 ரூபாயும் அடுத்த ஆண்டுகளில் 41,000 ரூபாயும் படியாகக் கிடைக்கும். நிறுவனத்துக்கு இத்தனை பேர் என்று இடம் உண்டு என்பதால் முதலாண்டிலேயே முந்திக்கொள்ள வேண்டும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றிலும் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. மற்ற எந்தத் திட்டத்தையும்விடப் பெரிய உதவி இதுதான். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்கள் இதில் வரமாட்டார்கள். பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு வகுப்பையும் எங்கே படித்தார்கள் என்பதற்கான சான்றை அந்தந்தத் தலைமை ஆசிரியரிடம் வாங்கிவைக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸ் பதிவில் ஓராண்டு தவறாக ஏறியிருந்தால் பள்ளி மூலமாகத்தான் திருத்த முடியும், அதுவும் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பு என்றால் சுலபம்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசுப் பள்ளியோடு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இவற்றில் வருகிறார்கள். முதல் பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்புக்கு மட்டும்தான், தொலைதூரக் கல்விக்கு இல்லை. பிற உதவித்தொகை வாங்கினாலும் இதைப் பெறலாம்.

மாநிலத் திட்டங்களுக்கான விண்ணப்பம், கல்லூரி மாணவர்களின் விவரங்களை அரசு பதிந்துவைக்கும் யூமிஸ் தளம் வழியாகப் போகிறது. கல்லூரி முதலில் மாணவரின் விவரத்தை ஏற்றி யூமிஸ் எண் உருவாக்க வேண்டும். கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். படிப்பின் பெயர், சேர்ந்த ஆண்டு, விடுதியா வீடா, எந்தக் கோட்டா என்பதைக் கல்லூரி தவறாக ஏற்றியிருந்தால் மாணவர் தன் பக்கத்திலிருந்து திருத்த முடியாது. உண்மையில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர் பதிவில் மேனேஜ்மென்ட் என்று ஏறியிருப்பது போன்ற ஒரு சொடுக்குப் பிழை, முழு ஆண்டுக் கட்டணத்தையும் நிறுத்திவிடும். சமர்ப்பித்த பிறகு ஒப்புகைச் சீட்டை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் ஒருமுறை வாசியுங்கள்.

மத்தியத் திட்டங்களுக்கு நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல். இங்கே முதலில் ஒருமுறைப் பதிவு செய்து 14 இலக்க எண் வாங்க வேண்டும். முகத்தைக் காட்டி ஆதார் சரிபார்ப்பும் உண்டு, அதற்கென இரண்டு செயலிகளைச் செல்பேசியில் இறக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு எண்தான். மறந்துவிட்டு இரண்டாவது பதிவுக்கு முயலாதீர்கள். பிளஸ் டூவில் தன் பாடத்திட்ட வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். புதுப்பிக்க ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் தேவை. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி, 40 சதவீதமும் அதற்கு மேலும் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு சக்ஷம், பெற்றோரை இழந்தவர்களுக்கு ஸ்வநாத். மூன்றிலும் தலா ஆண்டுக்கு 50,000 ரூபாய். பிரகதிக்கு வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். டிப்ளமோ மாணவிகளுக்கும் உண்டு என்பது பாலிடெக்னிக்குகளில் பலருக்குத் தெரியாது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். புதுமைப் பெண் வாங்குபவர் வேறு உதவி வாங்குவதை மாநிலம் தடுக்கவில்லை. ஆனால் மத்தியத் துறை உதவித்தொகையின் விதி, மாநில அரசின் உதவியோ கட்டண விலக்கோ பெறுபவருக்கு இடமில்லை என்கிறது. இரண்டு அரசுகளின் தரவும் ஆதார் வழியாக ஒன்றாகிவிட்ட காலத்தில், உறுதிமொழியில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்து, எது பெரிய தொகையோ அதை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கலை அறிவியல் மாணவிக்கு ஆண்டுக்கு 12,000 என்ற ஒரே தொகைதான் இரண்டிலும் வருகிறது. அப்போது மதிப்பெண் வரம்பில்லாத மாநில உதவியே எளிது. பொறியியல் மாணவிக்குப் பிரகதி கிடைக்கும் வாய்ப்பிருந்தால் கணக்கு மாறிவிடும்.

பெற்றோரின் தொழில் வழியாக வரும் உதவிகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், ஆட்டோ, தையல், சலவை போன்ற அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான வாரியங்கள், உழவர் பாதுகாப்புத் திட்டம் எல்லாவற்றிலும் உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி இருக்கிறது. அட்டை நடப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலாவதியான அட்டையை விண்ணப்பிக்கும் வாரத்தில் புதுப்பிக்க ஓடுவதைவிட முன்பே பார்த்துவிடலாம். முன்னாள் படைவீரரின் பிள்ளைகள் தொழிற்படிப்பில் இருந்தால், பிளஸ் டூவில் 60 சதவீதம் எடுத்திருந்தால், பிரதமர் உதவித்தொகை மாணவிக்கு மாதம் 3,000, மாணவருக்கு 2,500.

தனியார் அறக்கட்டளைகளில் அகரம் அறக்கட்டளை அரசுப் பள்ளி மாணவர்களை வீட்டுக்கே போய் நிலைமை பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளங்கலை உதவித்தொகைக்கு முதலாண்டு மாணவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம், ஆன்லைன் திறனறித் தேர்வு உண்டு, படிப்புக் காலம் முழுதுக்கும் 2 லட்சம் வரை. இம்மாதிரி விண்ணப்பங்களில் ‘உங்கள் குடும்பச் சூழலை விவரிக்கவும்’ என்று ஒரு பகுதி வரும். ‘நாங்கள் மிகவும் ஏழ்மையான குடும்பம்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அப்பாவுக்கு மாதத்தில் எத்தனை நாள் வேலை, நாள் கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, யாருக்கு மருந்துச் செலவு, கல்லூரி கேட்பது எவ்வளவு, அதில் எவ்வளவு ஏற்பாடாகிவிட்டது, துண்டு விழுவது எவ்வளவு என்று எண்களில் எழுதுங்கள். துண்டு விழும் தொகையைத் துல்லியமாகச் சொல்பவரின் விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

எல்லாம் போக மிச்சத்துக்குத்தான் கல்விக் கடன். 4 லட்சம் வரை நம் கைப்பணம் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்காமல் கொடுக்க அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. வங்கியில் வாய்மொழியாக ‘கிடைக்காது’ என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வந்துவிடாமல் வித்யாலட்சுமி தளத்தில் பதியுங்கள். அப்போது மறுப்புக்கும் காரணம் எழுத்தில் வந்தாக வேண்டும். வட்டியைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு, 10 சதவீதத் தனிவட்டி. படிப்பும் அதற்குப் பிறகான ஓராண்டு அவகாசமும் முடியும்போது வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். 4.5 லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பத்தின் பிள்ளை, அங்கீகாரமுள்ள நிறுவனத்தில் தொழிற்படிப்பு படித்தால், இந்த அவகாசக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி, பட்டியலிட்ட உயர்தர நிறுவனங்களில் சேருபவர்களுக்கு 8 லட்சம் வருமானம் வரை, 10 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் தருகிறது. கடன் அனுமதியானாலே மானியம் தானாக வந்துவிடாது. வருமானச் சான்றோடு தனியாகக் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்டு முழு வட்டியையும் கட்டுகிறவர்கள் ஏராளம்.

வாங்கிய உதவி அடுத்த ஆண்டு தானாகத் தொடராது, பெரும்பாலான திட்டங்களில் புதுப்பித்தல் தேவை. இரண்டாம் ஆண்டில் விடுதியிலிருந்து வீட்டுக்கு மாறினாலோ, வங்கி மாறினாலோ அதைப் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். நிலை என்ன என்று மாதம் ஒருமுறை தளத்தில் பாருங்கள். ‘டிஃபெக்டிவ்’ என்று வந்தால் நிராகரிப்பு என்று அர்த்தமில்லை, திருத்தி அனுப்பச் சொல்கிறார்கள். அதற்கும் கெடு உண்டு. கல்லூரியிலேயே தேங்கியிருந்தால் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். மாவட்ட நல அலுவலகத்தில் தேங்கியிருந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் விண்ணப்ப எண், சமர்ப்பித்த தேதி, தற்போதைய நிலையின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணைத்து மனு கொடுங்கள், 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலும் பதியலாம். உங்களைத் தேடி வந்து ‘ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க, க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்று யார் அழைத்தாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். எந்தத் திட்டத்திலும் பணம் பெற ஓ.டி.பி.யைப் போனில் சொல்ல வேண்டிய கட்டமே கிடையாது.